கட்டை அடுக்கிச் செய்த வீடியோ கேம்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறை. கேரள எல்லையோரம், பாறசாலைக்கும் காரோட்டுக்கும் நடுவே எங்கள் வீடு. நான் அப்போது பாறசாலையில் ஒரு பேரலல் காலேஜில் வாத்தியார். கல்லூரியில் இடம் கிடைக்காத பிள்ளைகளைப் பரீட்சைக்குத் தயார் செய்யும் ஓலைக்கூரை வகுப்புகளுக்கு எங்கள் பக்கம் அப்படிப் பெயர். லீவு விட்டால் வேலையும் கிடையாது, சம்பளமும் கிடையாது. கல்யாணம் ஆகாத ஒருவன் வீட்டில் சும்மா இருக்கிறான் என்று தெரிந்துவிட்டால் விடுவார்களா? மாவு அரைப்பதிலிருந்து கேஸ் சிலிண்டர் தூக்குவது வரை எல்லாம் என் தலையில்தான்.

அந்தக் கோடையில் அக்காள் இரண்டாவது பிரசவத்துக்கு வந்திருந்தாள். கூடவே மூத்த மகள், ஒன்பது வயசு. அத்தான் கல்ஃபில் இருந்தார். மகளுக்காக அவர் கொடுத்தனுப்பிய இரண்டு சாமான்கள் அவளோடு எங்கள் வீட்டுக்குள் வந்தன. ஒன்று, டிவியில் மாட்டி விளையாடும் வீடியோ கேம். இன்னொன்று, ஒரு வாளி நிறைய பிளாஸ்டிக் கட்டைகள். ஒன்றின் மேல் ஒன்று 'டக்'கென்று பொருந்துமே, அந்த ரகம். கட்டை வாளி மூலையில் கிடந்தது. வீடியோ கேம் டிவியைப் பிடித்துக்கொண்டது. அந்தச் சாம்பல் நிறப் பெட்டியின் தலையில் ஒரு கேசட்டைச் சொருக வேண்டும். சொருகுமுன் கேசட்டின் அடிவாயில் 'பூ பூ' என்று ஊத வேண்டும். ஊதினால்தான் ஓடும் என்று உலகத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு குட்டி மனிதன் ஓடுவான், தாண்டுவான், குழியில் விழுந்து சாவான், திரும்ப எழுந்து ஓடுவான். அந்த லீவில் நான் ஒரு கிரிக்கெட் மேட்ச்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. அந்தப் பெட்டி மேல் எனக்கு நல்ல கடுப்பு.

ஒருநாள் சாயங்காலம் கரண்ட் போனது. விளையாட்டு நின்ற எரிச்சலில் பிள்ளை முற்றத்துக்குப் போனாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் குட்டியும் கோலும் ஆடிக்கொண்டிருந்தார்கள். கிட்டிப்புள்ளுக்கு எங்கள் ஊரில் அந்தப் பெயர்தான். தெறித்து வந்த குட்டி நேராக அவளுடைய இடது கண்ணில் பட்டது. அவள் போட்ட அலறலில் நான் அடுக்களையிலிருந்து சட்டை கூடப் போடாமல் ஓடினேன்.

அக்காளுக்குப் பிரசவம் ஆகி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அவளால் எழுந்து வர முடியாது. அம்மாவோ அக்காளையும் கைக்குழந்தையையும் விட்டு நகர முடியாது. பிறகென்ன, பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டிய ஆள் நான்தான் என்று ஆயிற்று.

நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு சின்ன கண் ஆஸ்பத்திரி. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கண்ணுக்குள் முன்பக்கம் ரத்தம் கட்டியிருக்கிறது, அது தானாகவே வற்றிவிடும், ஆனால் வற்றும் முன்னால் மறுபடி கசிந்தால் பார்வைக்கு நான் பொறுப்பில்லை என்றார். அஞ்சு நாள் தலையை உயர்த்தி வைத்துப் படுத்திருக்க வேண்டும். ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, அழக் கூடாது, திடுமென்று எழக் கூடாது. ஒரு கண் அசைந்தால் கூடவே மற்றதும் அசையும் என்பதால் இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள்.

ஒன்பது வயசுப் பிள்ளையை, அதுவும் அந்தப் பிள்ளையை, அஞ்சு நாள் அசையாமல் வைக்கச் சொன்னால்? வீட்டில் அவள் சோறு தின்கிறபோதே ஒரு கால் ஆடிக்கொண்டிருக்கும். முதல் நாள் மதியத்துக்குள் எனக்கு விழி பிதுங்கிவிட்டது. "இப்பம் என்ன மணி மாமா? இப்பம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கதை சொன்னேன். எனக்குக் கதை சொல்லத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கட்டிலில் புரண்டாள், காலை உதைத்தாள். நர்ஸ் வந்து "அனங்கல்லே மோளே" என்று, அதாவது அசையாதே மகளே என்று, நயமாகச் சொல்லிவிட்டு என்னை மட்டும் முறைத்துவிட்டுப் போனார்.

"மாமா, வீடியோ கேமை இஞ்ச கொண்டு வாங்க."

"கண்ணைக் கட்டிக்கிட்டு எப்பிடி மக்ளே விளையாடுவ?"

"கையில பிடிச்சாவது வச்சிருப்பேன்."

உதடு கோணியது. அழுதுவிட்டால் ஆபத்து. அன்று சாயங்காலம் சாப்பாடு கொண்டுவந்த அப்பாவிடம் வீடியோ கேமைக் கேட்டேன். கேட்டதுதான் தாமதம், பிள்ளையின் கண்ணைக் கெடுத்ததே அந்தச் சனியன்தான் என்று பிடித்துக்கொண்டார். குட்டி அடித்ததற்கும் டிவிக்கும் என்ன சம்பந்தம் என்று அவரிடம் யார் கேட்பது? மறுநாள் காலையில் அவர் கொண்டுவந்தது கட்டை வாளியை.

அப்போதுதான் அவள் சொன்னாள், "அப்பம் கட்டையில ஒண்ணு செய்து தாங்க."

உட்கார்ந்தேன். சாம்பல் நிறக் கட்டை வாளியிலேயே இல்லை. சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை என்று கையில் வந்ததை அடுக்கினேன். பார்க்கிறவளுக்குத்தான் கண் கட்டியிருக்கிறதே, எந்தக் கலர் வைத்தால் என்ன? பிஸ்கட் டின் அளவுக்கு ஒரு பெட்டி ஆயிற்று. அவள் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டினாள். முன்பக்கம் சரிவாக இருக்க வேண்டுமாம். ஆன் செய்யும் பித்தான் ஒன்று, முதலிலிருந்து ஆரம்பிக்கும் பித்தான் ஒன்று வேண்டுமாம். கேசட் நுழையும் பொந்து இந்த அகலம் போதாதாம். கேசட்டுக்கும் தனியாகக் கட்டை அடுக்கினேன். அது பொந்துக்குள் போய் உட்காரும்போது 'டக்' என்ற சத்தம் வரவேண்டும் என்று மூன்று தடவை பிரிக்க வைத்தாள். கையில் பிடிக்கிற சாமானுக்கு வயர் எங்கே என்றாள். நர்ஸிடம் கெஞ்சி ஒரு முழம் கட்டுத்துணி வாங்கி வயராக்கினேன்.

எல்லாம் முடிந்து பெருமையாக அவள் கையில் கொடுத்தேன். தடவினாள். முகம் சுருங்கியது.

"அம்புக்குறிப் பித்தான் இடப்பக்கம் வரணும். நீங்க வலப்பக்கம் வச்சிருக்கீங்க."

அவளுக்கு எதிரில் உட்கார்ந்து அடுக்கியதில் எனக்கு இடது எது, அவளுக்கு இடது எது என்பது மறந்துபோயிருந்தது.

"மாமா, நீங்க வாத்தியார் ஆக்குமா?" என்றாள்.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு ஆண்குரல் சிரித்தது. அது இரண்டு கட்டில் போட்ட அறை. நடுவில் ஒரு துணித்திரை. பக்கத்துக் கட்டிலில் கோட்டுகால் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வந்த ஒருவர். என் வயசுதான் இருக்கும். கடலில் தூண்டில் கயிறு அறுந்து, முள் தெறித்து, வலது கண்ணில் ஆப்பரேஷன். மனைவி துணைக்கு இருந்தார். அதுவரை நாங்கள் ஒருவருக்கொருவர் தலையாட்டியதோடு சரி.

அம்புக்குறியை மாற்றி வைத்தேன். பிள்ளை கேசட்டின் அடியில் 'பூ பூ' என்று ஊதிச் சொருகினாள். பித்தானை அமுக்கினாள். அதற்குப் பிறகு கேட்டாளே ஒரு கேள்வி.

"டிவி எங்க மாமா?"

நான் விழித்தேன். கட்டையில் டிவியும் செய்யலாம்தான். அதில் ஓடுகிற மனிதனுக்கு எங்கே போவது?

"டிவி இஞ்ச உண்டு மக்ளே," என்றது திரைக்கு அப்பால் இருந்த குரல். "கரண்டும் உண்டு. என்ன களி, என்ன விளையாட்டுன்னு சொல்லு."

பிள்ளைக்கு முகமெல்லாம் வெளிச்சம். ஓட வேண்டும், தாண்ட வேண்டும், எதிரி வந்தால் தலையில் மிதிக்க வேண்டும் என்று மளமளவென்று பாடம் எடுத்தாள். அந்த மனிதர் வீடியோ கேமைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அதனாலென்ன? "இன்னா ஓடுதான், குழி வருது, குழி வருது, அமுக்கு" என்று வள்ளப் படகுப் போட்டிக்கு மைக் பிடித்தவர் போல ஆரம்பித்துவிட்டார். அவள் அமுக்கினாள். "தாண்டியாச்சு. பின்னால ஒரு காளை மாடு." அவள் மறுபடி அமுக்கினாள். நானும் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கே மாடு என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டியிருந்தது.

விளையாட்டு முடிகிற கோட்டை வாசலை அவள் அடைந்ததும் அவர், "ஜெயிச்சாச்சு," என்றார். பிள்ளை "ஹேய்" என்று கத்திக்கொண்டு கட்டிலில் துள்ளி எழுந்துவிட்டாள்.

நான் பாய்ந்து அவளைப் பிடித்தேன். கட்டைப் பெட்டி தரையில் விழுந்து சிதறியது. நர்ஸ் ஓடிவந்தார். டாக்டர் வருகிற வரைக்கும் நான் என்னென்ன சாமியைக் கூப்பிட்டேன் என்று எனக்கே நினைவில்லை. கைக்குழந்தையோடு படுத்திருக்கும் அக்காளிடம் என்ன சொல்லுவேன், கல்ஃபிலிருந்து அத்தான் போன் பண்ணினால் என்ன சொல்லுவேன் என்றுதான் மனசு கிடந்து அடித்தது. டாக்டர் இடது கண்ணை மட்டும் திறந்து டார்ச் அடித்தார். "என்ன தெரியுது?" என்றார். "சிவப்பாத் தெரியுது" என்றாள். நல்லவேளை, புதிதாகக் கசிவு இல்லை. இனி ஒருமுறை இப்படி நடந்தால் என்னிடம் வராதீர்கள் என்று என்னிடம் கடுமையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கட்டைகளைப் பொறுக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். திரைக்கு அந்தப் பக்கத்து மனிதர் மேல் எனக்குக் கோபம் வந்தது. என் மேல் அதைவிட அதிகம். பிள்ளை அசையாமல் படுத்திருந்தாள். கட்டுக்குக் கீழே கன்னம் மட்டும் நடுங்கியது. அழக் கூடாது என்று தெரிந்து அடக்குகிறாள். அதைப் பார்ப்பதற்கு அவள் துள்ளியதையே பார்த்துக்கொண்டிருக்கலாம் போலிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் திரையை ஒதுக்கிவிட்டு என்னைப் பார்த்தார். ஒரு கண்ணில் பெரிய கட்டு.

"சாரே, தப்பு எனக்கதாக்கும். எனக்குத் தெரியாத களியை ஆடிப்போட்டேன். தெரிஞ்ச களி ஒண்ணு உண்டு. அதுல துள்ளினா தோத்துப் போவும்."

எனக்கு விருப்பமில்லை. ஆனால் பிள்ளையின் கை படுக்கையில் எதையோ தேடுகிற மாதிரி மெல்ல நகர்ந்தது. பெட்டியை மறுபடி பொருத்தி மடியில் வைத்தேன்.

"இது கடல் கேசட்டாக்கும்," என்றார் அவர். "ஊதிப் போடு."

ஊதிப் போட்டாள்.

"எனக்கு எத்தன லைஃப் உண்டு?" என்று கேட்டாள்.

"அப்பிடின்னா?"

"செத்தா திரும்ப வரலாம். மூணு தருவாங்க."

அவர் பதில் சொல்லுமுன் அவர் மனைவி, "கடல்ல போறவங்களை அந்தச் சொல்லு சொல்லப்பிடாது பிள்ளே," என்றார். குரலில் கோபம் இல்லை, ஆனால் கண்டிப்பு இருந்தது. அவர்கள் வழக்கம் அது. கடலுக்குப் போனவன் திரும்பும் வரை வீட்டில் அந்தப் பேச்சு வாயில் வரக் கூடாது.

"எனக்க களியில யாரும் அப்பிடிப் போறது இல்ல," என்றார் அவர். "மீன் கிடைக்கலன்னா கரைக்கு வாறது, கஞ்சி குடிக்கியது, நாளைக்குப் பின்னயும் போறது. அம்புட்டுதான்."

பிள்ளைக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. சாவே இல்லாமல் என்ன விளையாட்டு? ஆனாலும் வள்ளத்தைக் கிளப்பினாள். முதலில் இடம் பிடிக்க வேண்டுமாம். கடலுக்கு அடியில் பாறை இருக்கிற இடத்தில்தான் மீன் கூடும். நடுக்கடலில் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க, கரையில் தெரிகிற மாதா கோயில் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் தெரிகிற மலையையும் ஒரே கோட்டில் கொண்டுவர வேண்டும். அதற்குக் கணிச்சம் என்று பெயர் சொன்னார். "கோபுரம் மலையை விட்டு விலகி நிக்கு. இடத்தே அமுக்கு. ம்ம், போதும், கொஞ்சம் வலத்தே." அவள் கட்டை அம்புக்குறியை ஒரு விரலால் பொன்னைத் தொடுகிற மாதிரி அமுக்கினாள்.

"கணிச்சம் சேந்தாச்சு. வலையும் போட்டாச்சு. இனி வள்ளம் ஆடப்பிடாது. ஆடினா மீனுக்குத் தெரியும். மூச்சைக் கூட மெதுவா விடு."

அதோடு டிவி பேச்சை நிறுத்திவிட்டது.

அந்த அமைதியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மேலே ஃபேன் ஓடுகிற சத்தம், வெளியே ஏதோ பஸ் ஹாரன். பிள்ளையின் கால் ஆடவில்லை. கை ஆடவில்லை. எவ்வளவோ நேரம் கழித்து அவர் ரகசியம் சொல்கிற மாதிரி, "ஒண்ணு வந்து மூக்கை வச்சுப் பாத்துட்டுப் போச்சு," என்றார். அவள் உதட்டை மடித்துக்கொண்டாள். இன்னும் கொஞ்ச நேரம். "இப்பம் நாலஞ்சு வருது." நான் திரும்பிப் பார்த்தபோது பிள்ளை அப்படியே தூங்கிப்போயிருந்தாள். விரல் மட்டும் அம்புக்குறி மேலேயே இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் அறையில் வேறு விளையாட்டே இல்லை. கண் விழித்தால், "டிவி போடுங்க" என்பாள். சாளை, அயிலை, வாளை என்று பிடித்துக் குவித்தாள். ஒரு மதியம் அவருடைய மனைவி வீட்டிலிருந்து கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் கொண்டுவந்து திறந்தபோது பிள்ளை மூக்கைச் சுளித்துக்கொண்டு, "மாமா, என்ன நாத்தம்?" என்றாள். எனக்கு நாணமாகப் போயிற்று. ஏழு தலைமுறையாக மீன் கழுவிய தண்ணீர்கூடப் படாத வீடு எங்களுடையது. அந்த அம்மாள் ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை. "நீ பிடிச்ச மீனாக்கும் பிள்ளே," என்று சிரித்தார்.

பிள்ளை யோசித்தாள். "நாங்க சைவம். பிடிச்ச மீனை நாங்க என்ன செய்ய?"

"எனக்குத் தா. நான் தின்னுக்கிடுதேன்," என்றார் அவர்.

பேரம் முடிந்தது. அதிலிருந்து அவள் பிடிப்பாள், அவர் தின்பார். நல்லா இருந்ததா என்று வேறு அவள் விசாரிப்பாள்.

நாலாம் நாள் மதியம் அவரை டாக்டர் அறைக்குக் கூப்பிட்டார்கள். போய் ரொம்ப நேரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது மனைவி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக ஜன்னல் பக்கம் போய் நின்றார். அவர் கட்டிலில் உட்கார்ந்தார். நான் அருகில் போய் மெதுவாக, "என்ன சொன்னாங்க?" என்றேன்.

"ஒண்ணு போச்சு சாரே. வெளிச்சம் மட்டும் தெரியுமாம். அம்புட்டுதான்."

அவர் தோளைத் தொட்டேன். அதற்குள் கட்டிலிலிருந்து குரல்.

"டிவி வந்தாச்சா?"

வேண்டாம், அவர் ஓய்வெடுக்கட்டும் என்று சொல்ல நான் திரும்பினேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒரு தடவை போதவில்லை, இரண்டாம் தடவையும் செருமினார்.

"வந்தாச்சு மக்ளே. இண்ணைக்குக் கடல் நல்லாக் கெடக்கு. ஊதிப் போடு."

கோபுரத்தை மலையோடு சேர்த்தார்கள். வலை போட்டார்கள். காத்திருந்தார்கள். அன்று அவர் பேசாமல் இருந்த நேரம் மற்ற நாள்களைவிட அதிகம். பிள்ளை அதைக் கடல் என்று நினைத்து அசையாமல் கிடந்தாள். திரையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்க முடிந்தவன் நான் ஒருவன்தான். அவருடைய நல்ல கண்ணிலிருந்து வழிந்தது தாடி வரைக்கும் வந்திருந்தது. குரல் மட்டும் துளி மாறாமல், "வருது மக்ளே, கூட்டமா வருது" என்றது.

சாயா வந்தபோது நான் ஒரு கிளாஸை அவர் கையில் கொடுத்தேன். இனி கடலுக்குப் போக முடியுமா என்று கேட்கத் தயங்கினேன். அவரே சொன்னார்.

"கணிச்சம் பாக்கும்போ எப்பிடியும் ஒரு கண்ணை மூடணும் சாரே. எனக்கு இனி அந்த வேல மிச்சம்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஜன்னலருகில் நின்ற மனைவியும் அழுகையோடேயே சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

கடைசி நாள் காலையில் டாக்டர் வந்தார். அப்பா வந்திருந்தார். பக்கத்துக் கட்டில்காரர் திரையை முழுக்க ஒதுக்கிவிட்டு எழுந்து நின்றார். முதலில் நல்ல கண்ணின் கட்டை அவிழ்த்து, அதைக் கையால் பொத்திக்கொண்டு, இடது கண்ணின் கட்டை எடுத்தார்கள். பிள்ளை இமையைத் திறந்தாள். கண் கலங்கிச் சிவந்திருந்தது. எங்கும் நிலைக்காமல் அலைந்தது. பிறகு எதிர்ச் சுவரின் மேலே ஓரிடத்தில் போய் நின்றது.

"என்ன தெரியுது மோளே?" என்றார் டாக்டர்.

அவள் கண் அங்கேயே இருந்தது. டாக்டர் குனிந்து கொஞ்சம் சத்தமாக மறுபடி கேட்டார்.

அவள் மெல்ல விரலைத் தூக்கி உதட்டில் வைத்தாள். "சத்தம் போடாதுங்க. பல்லி ஒரு பூச்சியைப் பாத்துட்டு அசையாம நிக்கு."

எல்லோரும் சுவரைப் பார்த்தோம். ட்யூப்லைட்டுக்குப் பக்கத்தில் ஒரு பல்லி. அதற்கு அரை சாண் தள்ளி ஒரு பூச்சி. பெரியவர்கள் எங்களுக்கே உற்றுப் பார்த்தால்தான் தெரிகிற சின்னப் பூச்சி. நாங்கள் அஞ்சாறு பேர், டாக்டர் உட்பட, மூச்சுவிடாமல் நின்றோம். பல்லி நாக்கை நீட்டியது. பூச்சியைக் காணோம். பக்கத்துக் கட்டில்காரர்தான் முதலில் வாய்விட்டுச் சிரித்தார். அந்தக் குரல் வந்த பக்கம் பிள்ளை திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தை அவள் அப்போதுதான் முதல்முதலாகப் பார்க்கிறாள். கட்டுப் போட்ட கண்ணையும் பார்த்தாள். பயப்படவில்லை. தன் கட்டிலில் நகர்ந்து அவருக்கு உட்கார இடம் விட்டாள்.

நான் வராந்தாவுக்குப் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்பாவும் பின்னாலேயே வந்து நின்றார்.

கட்டை வீடியோ கேமைப் பிரிக்க அவள் விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் டிவி மேல், அசல் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தாள். கலரைப் பார்த்துவிட்டு என்னைக் கேலி செய்தாள். மூன்று மாதத்துக்கெல்லாம் பார்வை பழைய மாதிரி ஆகிவிட்டது. அவள் இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், ஊசியில் நூல் கோக்க இன்றுவரை கண்ணாடி தேவைப்படவில்லை. கோட்டுகால்காரரை அதற்குப் பிறகு நான் ஒரே ஒருமுறை, பனச்சமூட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்த்தேன். கடலுக்குப் போகிறேன் என்றார். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். பஸ் வந்துவிட்டது.

எனக்கு இப்போது வயசாகிவிட்டது. எனக்கும் ஆஸ்பத்திரி, பரிசோதனை என்று அலைச்சல் உண்டு. காத்திருக்கச் சொன்னால் இன்னமும் எனக்குப் பொறுமை போதாது. ஆனால் தன் கண் போன செய்தி கேட்டு அரைமணி நேரம்கூட ஆகாத ஒரு மனிதர், பக்கத்துக் கட்டில் பிள்ளையின் கண்ணுக்காகக் குரல் நடுங்காமல் ஒரு கடலையே அமைதியாக வைத்திருந்ததைப் பார்த்தவன் நான். என் கஷ்டத்தைச் சொல்லிப் புலம்ப வாயைத் திறக்கும்போதெல்லாம் அந்த மதியம் நினைவுக்கு வந்து, பக்கத்தில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்கத் தோன்றிவிடுகிறது.